விலை இறங்கக் காத்திருந்த வயிரவன்

பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கப்பல்கள் காற்றைக் கேட்டுக் கிளம்பிய காலத்துக் கதை இது.

முத்தலைவாய் என்று ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே வயிரவன் என்று ஒரு மிளகு வணிகன். ஒரு சிட்டிகை மிளகை முகர்ந்து பார்த்தால் போதும், அடுத்த மாதம் அது என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிவிடுவான். மலிந்தபோது வாங்குவான், ஏறியபோது விற்பான். அதில் அவனுக்குப் பெருமை நிறைய இருந்தது. சொந்தமாக ஒரு வீடுதான் இல்லை.

அவனும் மனைவி உமையாளும் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். மழை வந்தால் பாதி வெளியே பெய்யும், பாதி உள்ளே பெய்யும். கல்யாணமான புதிதிலேயே உமையாள் கேட்டாள்.

"நமக்கென்று ஒரு வீடு பார்க்கலாமா?"

"அதற்கென்ன, வாங்கிவிடலாம்" என்றான் வயிரவன். மனதாரத்தான் சொன்னான்.

அந்தச் சமயம் பார்த்து, அரசர் துறைமுகத்தைப் பெரிதாகக் கட்டப்போகிறார் என்று செய்தி வந்தது. வீட்டு விலை ஏறியது. மாட்டுக் கொட்டகையைக்கூட மாளிகை என்று சொல்லி விற்றார்கள். தோணிக்காரன் ஆவுடையப்பன் தன் தோணியை அடகு வைத்து ஒரு வீட்டை வாங்கினான். "இதை இரட்டை விலைக்கு விற்று இரண்டு தோணி வாங்குவேன், பார்!" என்றான்.

வயிரவன் சிரித்தான். "ஏறியது இறங்கும் உமையாள். இறங்கட்டும், வாங்குவோம்."

அதில் நியாயம் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். உமையாள் கூரை ஒழுகிய இடத்தில் ஒரு சட்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அரசர் மனம் மாறினார். துறைமுக வேலை வடக்கே வேறு ஊருக்குப் போயிற்று. விலை மளமளவென்று இறங்கியது. மாளிகையெல்லாம் மறுபடியும் கொட்டகையாயிற்று. பாவம் ஆவுடையப்பன்! வீட்டை விற்றும் அவனால் தோணியை மீட்க முடியவில்லை. சொந்தத் தோணியில் போனவன் அடுத்தவன் தோணியில் துடுப்புப் போட்டான்.

"இப்போது இறங்கிவிட்டதே?" என்றாள் உமையாள்.

"இன்னும் இறங்கும். இறங்குகிற சரக்கில் யாராவது கை வைப்பார்களா?"

உமையாள் இரண்டாவது சட்டியை வைத்தாள்.

பிறகு விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மதியத் தூக்கம் போடுகிற எருமை மாதிரி ஒரே இடத்தில் கிடந்தது.

"இப்போது?"

"அசையாத விலையைத்தான் நம்பவே கூடாது. எழுந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும்?"

உமையாள் மூன்றாவது சட்டியை வைத்தாள். வீட்டில் இருந்ததே நான்கு சட்டிகள். மிச்சமிருந்த ஒன்றில்தான் சோறு ஆக்க வேண்டியிருந்தது.

இப்படியே காலம் ஓடியது. உமையாள் வயிற்றில் ஒரு பிள்ளை வளர்ந்தது. வீட்டுக்காரரும் வந்து நின்றார். "மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டோடு இருக்கப் போகிறார். ஐப்பசிக்குள் காலி செய்துகொடுங்கள் தம்பி."

வயிரவன் தரகர்களிடம் ஓடினான். முதல் தரகர் "விலை ஏறும், உடனே வாங்குங்கள்" என்றார். அவரிடம் விற்க வீடு இருந்தது. இரண்டாம் தரகர் "இறங்கும், பொறுங்கள்" என்றார். அவரே ஒரு வீடு வாங்கக் காத்திருந்தார். மூன்றாம் தரகர் நெடுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்" என்றார். அவரிடம் விற்க வீடும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை.

குழம்பிப்போய் வீடு திரும்பினான். வாசலில் கால் வைத்தபோது தூறல் பிடித்தது. உள்ளே உமையாள், ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கட்டிலை ஒழுகாத மூலைக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். வயிரவன் ஓடிப்போய்க் கட்டிலைப் பிடித்தான், தலை நிமிரவில்லை.

"நெசவாளர் தெருவில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன்" என்றாள் உமையாள். "கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், உப்பில்லை. உத்தரத்தைத் தட்டிப் பார்த்தேன், கரையான் இல்லை. அண்டை வீட்டில் விசாரித்தேன், மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்காதாம். அவர்கள் கேட்கும் விலை நம் சேமிப்பில் அடங்கும். மிளகு வாங்க வைத்திருக்கும் முதல் பணத்தில் கை வைக்க வேண்டாம், யாரிடமும் கடனுக்கும் போக வேண்டாம்."

"எல்லாம் சரி. வாங்கின பிறகு விலை இறங்கிவிட்டால்?"

"வாங்கி எப்போது விற்கப் போகிறீர்கள்?"

"விற்பதாவது! குடியிருக்கத்தானே வாங்குகிறோம்?"

"அப்படியானால் விலை இறங்கினால் நமக்கு என்ன?"

மிளகை முகர்ந்தே விலை சொல்கிறவன் அன்றிரவே சேமிப்பை எடுத்து எண்ணினான். மறுநாளே அந்த வீட்டை வாங்கினான்.

திருந்திவிட்டான் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த மாதமே விலை கொஞ்சம் சரிந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. ஐப்பசி மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. அன்றைக்கு இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டான். பெண் குழந்தை பிறந்தது.

குழந்தை நடை பழகும் சமயத்தில் விலை மறுபடியும் ஏறியது. சங்கு வணிகர் ஒருவர் பல்லக்கில் வந்திறங்கி, வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். வயிரவனுக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்கு ஓடினான்.

"உமையாள்! விற்றுவிடலாம்! இரட்டை லாபம்!"

"விற்றுவிட்டு எங்கே இருப்போம்?"

"வேறு வீடு வாங்கிக்கொள்வோம்."

"அந்த வீடு மட்டும் விலை ஏறாமல் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறதா?"

வயிரவன் ஊரில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். எல்லாமே இரட்டை விலையில்தான் நின்றன. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாசலுக்குப் போய்ச் சங்கு வணிகரைக் கும்பிட்டான். "மன்னிக்க வேண்டும். இங்கே ஆள் குடியிருக்கிறது" என்றான்.

"யார்?" என்றார் அவர்.

"நாங்கள்தான்" என்றான் வயிரவன்.

ஆகவே மக்களே, குடியிருக்க வீடு வாங்குகிறவர் நாளைய விலையைத் துரத்தாமல், வீடு உறுதியானதா, விலை தன் சக்திக்குள் அடங்குமா என்று பார்த்தே வாங்க வேண்டும்.