தளவாய் குடித்த பாயசமும் வெண்மலை ராஜாவின் பனிவாரியும்

வெண்மலை நாட்டில் வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும். கொட்டுகிற பனியைவிட அதிகமாகக் கொட்டுவது சடையாண்டியின் கோபம். மாட்டுத் தரகனாக இருந்தவன். சந்தையில் உதைபட்டு, ஏமாந்து, அப்புறம் யாரும் ஏமாற்ற முடியாதவனாகி, கடைசியில் ராஜா பூவேந்தரின் சபையில் வந்து உட்கார்ந்தவன். தோளில் கிடந்த தரகுத் துண்டை மட்டும் இன்னும் விடவில்லை.

அன்றைக்கு ராஜா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு உச்சிப்பொழுதில் இளவரசிக்கு நிச்சயதார்த்தம். கோட்டை வாசலில் ஆள் உயரத்துக்குப் பனி. மாப்பிள்ளை வீட்டார் எப்படி ஐயா உள்ளே வருவார்கள்?"

அரண்மனையில் ஒரு குட்டை வண்டி உண்டு. நின்ற இடத்திலேயே பம்பரம்போலத் திரும்பும். அதன் முகப்பில் ஒரு பனிவாரி. வண்டி எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த எண்ணெய் மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் சுழன்றால் பனிவாரி பனியை அள்ளித் தூர எறியும். அந்த மோட்டார்தான் முந்தாநாள் உடைந்துபோனது.

தளவாய் மாறநாயகம் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். அவர் மச்சினன் மோட்டார் வியாபாரி.

"கவலை எதற்கு மகாராஜா? என் மச்சினன் கடையிலேயே பெரிய மோட்டாரைக் கொண்டு வந்திருக்கிறேன். யானைக்குட்டி மாதிரி இருக்கிறது. ராஜா வீட்டுக்கு ராஜா மோட்டார்!"

சபை கைதட்டியது. சடையாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொம்பு பெரிதாக இருக்கிறதென்று மாடு வாங்கும் பயல்களை அவன் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான்!

"அட, நிறுத்துங்க தளவாயாரே! வண்டியைக் கேட்டீரா?"

"வண்டியை என்னய்யா கேட்பது?"

சடையாண்டி விறுவிறுவென்று முற்றத்துக்குப் போனான். வண்டியின் எண்ணெய்க் குழாய்மேல் துண்டைப் போட்டான். துண்டுக்குள் கையை விட்டு, சந்தையில் விரல் பிடித்து விலை பேசுவதுபோல முகத்தைச் சுளித்தான், தலையாட்டினான், "அநியாயம்" என்று முணுமுணுத்தான். கடைசியில் கையை உதறிக்கொண்டு திரும்பினான்.

"பேசி முடிச்சாச்சு. 'நான் தள்ளுற எண்ணெய் இவ்வளவுதான், என் தலையே போனாலும் இதுக்கு மேலே சொட்டு வராது'ங்குது. பெரிய மோட்டார் இதுக்கு ஆகாது."

ராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "சடையாண்டி, விளையாட வேளை இல்லை. ஆகாது என்றால் காட்டும். காட்ட முடியாவிட்டால் வாசல் பனியை நீரே மண்வெட்டியால் வழிக்க வேண்டும். வழித்துவிட்டு அப்படியே மாட்டுச் சந்தைக்கு நடையைக் கட்டும்."



"சமையற்காரரே, பாயசம் கொண்டு வாரும்!" என்று கத்தினான் சடையாண்டி.

அண்டா வந்தது. ஒரே கரண்டி, ஒரே சமையற்காரர். மூன்று பேருக்கும் சம வேகத்தில் ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு. தளவாய்க்கு ஒரு குடம் கொடுத்தான். "குடம் நிறைஞ்சதும் குடிச்சிட்டு ஒரு சுத்துச் சுத்தும்." தனக்கு ஒரு செம்பு, செம்புக்கு ஒரு சுற்று. அரண்மனைக் குரங்குக்கு ஒரு கிண்ணி. கிண்ணிக்கு ஒரு சுற்று.

கரண்டி ஓடியது. குரங்கு சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சடையாண்டி செம்பைக் காலி செய்து வேட்டி பறக்கச் சுழன்றான். தளவாய் குடத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன தளவாயாரே, சுற்றவில்லையா?" என்றார் ராஜா.

"குடம் இன்னும் நிறையவில்லை மகாராஜா!"

நிறைந்தபோது பாவம், முழுசாகக் குடித்துவிட்டு, ஆடி அசைந்து ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, ஏப்பம் விட்டார்.

"அதுதான் உங்க யானைக்குட்டி மோட்டார்," என்றான் சடையாண்டி. "ஒவ்வொரு சுத்துக்கும் குடம் குடமாக் கேட்கும். பலசாலிதான். ஆனா இவ்வளவு மெதுவாச் சுத்துனா பனி தூரப் போகாது, காலடியிலேயே விழும்."

ராஜா துள்ளினார். "அப்படியென்றால் குரங்கு மோட்டார்தான் சரி! என்ன வேகம்!"

சடையாண்டி ஒரு கூடைப் பனியை அள்ளிக் குரங்கின் முதுகில் கட்டினான். குரங்கு ஒரு கிண்ணி குடித்தது. அசையவில்லை. இன்னொரு கிண்ணி குடித்தது. உட்கார்ந்து அழுதது. அதே கூடையைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு சடையாண்டி ஒரு செம்பு குடித்தான். மூச்சு வாங்கினாலும் சுற்றினான்.

"வண்டி தருகிற எண்ணெய்க்கும் ஆகணும், பனியோட கனத்துக்கும் ஆகணும். நடுத்தர மோட்டாரைப் போடுங்க மகாராஜா."

தளவாய்க்கு வயிறு கனத்தது, வாயும் கனத்தது. "உன் நோஞ்சான் மோட்டாரா? வாசலில் நானே எதிரே நிற்கிறேன். அது எறிகிற பனி என் செருப்பைத் தொடட்டும் பார்க்கலாம்!"

மறுநாள் காலை மச்சினன் கடையிலிருந்தே நடுத்தர மோட்டாரை வரவழைத்துப் பூட்டினார்கள். தளவாய் சொன்னபடியே எதிரே போய் இடுப்பில் கை வைத்து நின்றார். வண்டி உறுமியது. பனிவாரி சுழன்றது. அடுத்த நிமிஷம் செருப்பைக் காணோம், வேட்டியைக் காணோம், தளவாயையே காணோம். ஒரு வெள்ளைக் குன்று. அதன் உச்சியில் தலைப்பாகை.

"தொட்டதா தளவாயாரே?" என்று கேட்டான் சடையாண்டி.

குன்று தும்மியது.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் பாதை பளிச்சென்று ஆனது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு உள்ளே வந்தார்கள். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சடையாண்டி, என்ன வேண்டும்? கேளும்!"

"அந்தப் பெரிய மோட்டார் போதும் மகாராஜா."

"அது ஆகாது என்றீரே!"

"பனிக்குத்தான் ஆகாது. எங்க வீட்டு ஆட்டுக்கல்லுக்கு அது பத்தரை மாத்துத் தங்கம். பலமா, மெதுவாச் சுத்தும். மாவு சூடாகாது. இட்லி பூவாட்டம் வரும்."

"எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு எண்ணெய் தள்ள ஒரு வண்டி வேண்டுமே ஐயா?"

சடையாண்டி துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பித் தலை குனிந்தான்.

"அதை எப்படிக் கேட்கிறதுன்னு கூச்சமா இருந்தது. மகாராஜாவே சொல்லிட்டீங்க!"