சும்மா என்று எழுதிய இடம்

அந்த ஒலியைக் கேட்டு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காலிப் புட்டியின் வாயில் ஊதினால் எழுமே, அதைவிட மெலிந்தது. தரைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். உண்மையில் அது ஒரு பெண்ணின் கையிலிருந்த மட்டை போன்ற கருவியிலிருந்து வந்தது. அவள் ஓர் அடி நகர்ந்தால் உயரும். இன்னும் ஓர் அடி நகர்ந்தால் இறங்கி அடங்கிவிடும்.

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி வாசல். மேல்மாடியில் என் தங்கையைச் சேர்த்திருந்தோம். பகல் முழுவதும் வாசலில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எதிரே, தெருவில், தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் தில்ஷாத். முப்பத்து நான்கு வயது. மண்ணுக்குள் ஓடும் மின்கம்பிகளையும் குழாய்களையும் தோண்டாமலே கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. அவளிடம் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, கம்பிக்குள் சைகை அனுப்பும் பெட்டி. மற்றது, மேலே நின்று அதைக் கேட்கும் மட்டை. பெட்டி இல்லாமலும் மட்டைக்குக் காது உண்டு. கம்பியில் மின்சாரம் ஓடினால் அந்த ஓட்டமே அதற்குச் சத்தம்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் ஏகாம்பரம். ஐம்பத்தாறு வயது. முப்பத்தோர் ஆண்டுகள் மின்கம்பம் ஏறியவர். முழங்கால் விட்டுப்போனதால் தரைக்கு இறங்கிவிட்டார்.

"கரண்டும் நானும் சம்பந்தி டீச்சர்" என்று முதல் நாளே சொன்னார். "அவங்க வீட்டு நல்லது கெட்டது எல்லாம் எனக்குத் தெரியும்."

"சம்பந்தி வீட்டுலதான் அண்ணே பார்த்து நடந்துக்கணும்" என்றாள் தில்ஷாத்.

பள்ளம் தோண்டுகிறவள் சின்னத்தாயி. அரூர்ப் பக்கத்துக்காரி. ஏகாம்பரம் சாக்கட்டியால் தரையில் என்ன போடுகிறாரோ அதைப் பார்த்துத்தான் அவள் கடப்பாரையை இறக்குவாள். கம்பி இருந்தால் சிவப்புக் கோடு. ஒன்றும் இல்லையென்றால் ஒரு வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் 'சு'. சும்மா என்பதன் முதல் எழுத்து. அந்த வேலையாட்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். படிக்காத சின்னத்தாயிக்கும் அந்த ஓர் எழுத்து தெரியும். அதைக் கண்டால் காலை அகட்டி நின்று, முழு பலத்தோடு கடப்பாரையைப் போடுவாள். வெறுங்காலில்தான் நிற்பாள்.

தில்ஷாத் ஒவ்வொரு காலையும் முதலில் ஆஸ்பத்திரி வாசல் விளக்கின் அடிக்குப் போவாள். அந்த விளக்குக்கு ஒரு கம்பி மண்ணுக்குள் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன்மேல் மட்டையைப் பிடித்து, ஒலி எழுந்து அடங்குவதைக் கேட்ட பிறகுதான் தெருவில் இறங்குவாள்.

ஏகாம்பரத்துக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"அங்க கம்பி இருக்குதுன்னு தெரியுமே டீச்சர். தெரிஞ்சத எதுக்குத் தினமும் பாக்கறீங்க?"

"கம்பி இருக்கறது தெரியும். கருவி இருக்கான்னுதான் பாக்கறேன்."

மாலையில் அவள் மட்டையைத் துடைத்து, பேட்டரிகளை வெளியே எடுத்து, ஒரு பழைய துப்பட்டாவில் சுற்றி ஒரு மரப்பெட்டிக்குள் கிடத்துவாள். ஒருநாள் ஏகாம்பரம் அதை வேனின் பின்னால் மண்வெட்டிகளின் மேல் போட்டார். அவள் அதை எடுத்துக்கொண்டு, வாசல் விளக்கடிக்கு மறுபடியும் நடந்தாள்.

"நான் போடல டீச்சர். வச்சேன்."

"வச்ச சத்தம் எனக்கு இங்கவரைக்கும் கேட்டுச்சு அண்ணே."

அவர் மட்டையை வீசி வீசி நடப்பார், காலை உலாப் போகிறவர் கைத்தடியை வீசுவதுபோல. சின்னத்தாயி மண்ணை அள்ளிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்ன சாமி, தரைக்கு இஸ்திரி போடறீங்களா?"

தில்ஷாத் அவருடைய மணிக்கட்டைத் தொட்டு நிறுத்துவாள். "நேரா பிடிங்க. வீசினா ஓரத்துல சாயுது. சாஞ்சா பொய் சொல்லும்."

"மிஷினா பொய் சொல்லுது?"

"கை சொல்லுது. அது திருப்பிச் சொல்லுது."

இத்தனையும் ஏகாம்பரம் கற்றுக்கொண்டார். ஆனால் ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. தில்ஷாத் அந்த வட்டத்தைப் போடவே மாட்டாள். ஒலி எழாத இடத்தில் அவள் சாக்கட்டியைப் பைக்குள் வைத்துக்கொள்வாள். மண்வெட்டியால் மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சின்னக் குழி எடுக்கச் சொல்வாள். குந்தி உட்கார்ந்து உள்ளே பார்ப்பாள். அதன் பிறகே கடப்பாரைக்கு வழிவிடுவாள். இதனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போயிற்று.

எட்டாம் நாள் டீ குடிக்கும்போது அவர் கேட்டுவிட்டார்.

"நீங்க ஏன் ஒரு தடவகூட 'சு' போடறதில்ல?"

அவள் டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"காது நல்லா இருக்கு. கருவி நல்லா இருக்கு. சத்தம் வரல. அப்புறம் என்ன?"

"நாளைக்குச் சொல்றேன் அண்ணே."

"இன்னைக்குச் சொன்னா என்ன?"

"இன்னைக்கு எனக்கும் தெரியாது" என்றாள். அவர் அதை அடக்கமான பேச்சு என்று எடுத்துக்கொண்டார். அவள் அதை அப்படியே சொன்னாள் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் என் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே, ஆஸ்பத்திரியின் வடக்குச் சுவரை ஒட்டி வேலை. தில்ஷாத் மட்டையை ஏகாம்பரத்திடம் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நடக்கப் போனாள். கையில் ஒன்றும் இல்லை. சுவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, எதையோ தொலைத்தவள்போல் போனாள்.

ஏகாம்பரம் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் விளக்கில் சோதித்தார். மட்டையை நேராகப் பிடித்தார். தெற்கு வடக்காக ஒருமுறை, கிழக்கு மேற்காக ஒருமுறை, பிறகு குறுக்காகவும் நடந்தார். ஓரிடத்தில் ஒலி எழுந்தது. அங்கே சிவப்புக் கோடு இழுத்தார். அதற்கு ஐந்தடி தள்ளி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து வெள்ளை வட்டம் போட்டு, அதற்குள் அழகாக 'சு' என்று எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு.

சின்னத்தாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டத்துக்கு வந்தாள். காலை அகட்டினாள். கடப்பாரை அவள் தலைக்கு மேலே எழுந்தது.

"இரு சின்னத்தாயி."

தில்ஷாத் சுவரோரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. ஆனால் அந்தக் குரலுக்குக் கடப்பாரை அப்படியே நின்றது.

"அதை அண்ணன்கிட்ட குடு. நீ அந்தப் பக்கம் போய் நில்லு."

சின்னத்தாயி கொடுத்துவிட்டு நகர்ந்தாள். ஏகாம்பரம் கடப்பாரையோடு வட்டத்தின் முன் நின்றார். தில்ஷாத் அவருக்கு எதிரே வந்து, கடப்பாரையின் நடுவில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"நீங்க எழுதினது அண்ணே. நீங்க போடுவீங்களா?"

அவர் சிரித்தார். "இதென்ன டீச்சர்."

"போடுவீங்களான்னுதான் கேட்டேன்."

"மூணு தடவ பாத்துட்டேன்."

"சரி. செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க. அவ அப்படித்தான் நின்னா."

ஏகாம்பரம் கீழே பார்த்தார். தன் ரப்பர் செருப்பைப் பார்த்தார். ஐந்தடி தள்ளியிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். தெருவில் ஒரு பஸ் போனது. அவர் தோள் மெல்லத் தாழ்ந்தது.

"இன்னொரு தடவ பாத்துடறேன்" என்றார்.

"ஏன்?"

அவள் கடப்பாரையை வாங்கித் தரையில் படுக்க வைத்தாள்.

"வாங்க" என்று அவரைச் சுவருக்கு அழைத்துப் போனாள். வெள்ளையடித்த சுவரில் இரண்டு இரும்புக் குழாய்கள் மேலிருந்து இறங்கி மண்ணுக்குள் போயின. ஒவ்வொன்றுக்குள்ளும் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கம்பி.

"சுவத்துல ரெண்டு இறங்குது. தெருவுல நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. இன்னொண்ணு எங்க போச்சு?"

ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன் ஜோதிராஜ் மின்னறையிலிருந்து சோற்றுக் கையோடு வந்தார்.

"அது ரெண்டாவது லைன் மேடம். முதல் லைன் போச்சுன்னா ஆபரேஷன் தியேட்டருக்கு அதுதான். ரெண்டு வருஷமா அதுக்கு வேலையே வரல."

"சப்ளை இருக்கா?"

"சப்ளை எப்பவும் இருக்கும். பதினோராயிரம் வோல்ட். லோடுதான் இல்ல."

ஏகாம்பரத்தின் முகம் மாறியது. முப்பத்தோர் ஆண்டுகள் கம்பம் ஏறியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஓட்டம் இருந்தால்தான் ஒலி. அங்கே ஓட்டம் இல்லை. அழுத்தம் மட்டும் முழுதாக நின்றது.

தில்ஷாத் பெட்டியை எடுத்துக்கொண்டு மின்னறை வாசலுக்குப் போனாள். அதோடு ஒரு வளையம் இருந்தது. கம்பியின் உள்ளே எதையும் தொடாமல், மேலுறையைச் சுற்றி மாட்டுவது. அதை அவள் மாட்டவில்லை. "இது உங்க ரூம்" என்று ஜோதிராஜிடம் கொடுத்தாள். அவர் கையைக் கழுவித் துடைத்து, ரப்பர் கையுறை போட்டு, கம்பி சுவருக்குள் இறங்கும் இடத்தில் மாட்டினார். பெட்டி இயங்கத் தொடங்கியது.

அவள் மட்டையை ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தாள்.

அவர் சுவரோரத்திலிருந்து நடந்தார். இந்த முறை வீசவில்லை. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த மெல்லிய ஒலி எங்கிருந்தோ தொடங்கியது. அவர் நகர நகர அது வளர்ந்தது. டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன. வட்டத்தின் விளிம்புக்கு வந்தபோது அது ஊசிபோல் உயர்ந்தது. 'சு' என்ற எழுத்தின் மேல் அவர் நின்றார். அங்கேதான் அது உச்சத்தில் இருந்தது.

எங்கள் பெஞ்சுக்கு அடியிலும், டீக்கடைக்கு அடியிலும், காலையிலிருந்து நாங்கள் நடந்த வழியெல்லாம் என்னென்ன படுத்திருக்கிறதோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எழுந்து நிற்கவேண்டும்போல் இருந்தது. எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

ஏகாம்பரம் அந்த ஒலியின் பின்னாலேயே நடந்தார். தில்ஷாத் அவர் பக்கத்தில் குனிந்தபடி சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டே போனாள். கோடு வட்டத்தின் நடுவில் புகுந்து, வெளியேறி, தெருவைக் கடந்து, புங்க மரத்தைச் சுற்றி வளைந்து, மூலைக் கம்பம் வரை போனது. அங்கே ஒலி நின்றது.

மட்டையின் சின்னக் கண்ணாடியில் மூன்றடி ஆழம் என்று காட்டியது.

"மூணடி" என்றார் ஏகாம்பரம்.

"அது சொல்லுது. மண்ணு என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்."

ஜோதிராஜ் தம் மேலதிகாரியிடம் கேட்டு, மின்வாரியத்துக்குப் போன் செய்து, அந்த லைனை நிறுத்திப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தில்ஷாத்திடம் கொடுக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிற்பகல் மூன்று மணி ஆயிற்று. பிறகு சின்னத்தாயி மண்வெட்டியால் மேலாகச் சீவினாள். ஒன்றரை அடியில் மண்வெட்டி எதிலோ உரசியது. கையால் மண்ணைத் தள்ளினாள். செங்கற்கள். ஒன்றை ஒன்று தொட்டபடி வரிசையாக அடுக்கியிருந்தன. கம்பி பதித்தவர்கள் அதன்மேல் விட்டுப்போன எச்சரிக்கை அது. என்றோ தெருவைச் சீவித் தாழ்த்தியதில் மேலே வந்துவிட்டது.

சின்னத்தாயி ஒரு செங்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தன் கடப்பாரையைத் திரும்பிப் பார்த்தாள். அதன் பாதி நீளம்கூட இல்லை அந்தக் குழி.

"எந்த மகராசனோ அடுக்கி வச்சிட்டுப் போயிருக்கான்" என்றாள்.

பிறகு அவள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். புதிய பள்ளம் இரண்டு சிவப்புக் கோடுகளுக்கும் அப்பால், நாலடி தள்ளித் தொடங்கியது.

ஏகாம்பரம் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தில்ஷாத் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவர்களுக்கும் நாலு முழம் இடைவெளி.

"சின்னத்தாயிகிட்ட என்ன சொல்றது டீச்சர்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."



"நான் ஏமாத்தல. வேலைல குறை வைக்கல. மூணு தடவ கேட்டேன்."

"பாத்தேன் அண்ணே. நல்லாதான் கேட்டீங்க."

"அப்ப எனக்கு ஏன் கேக்கல?"

"அது யாருக்கும் எதையும் கொண்டு போகல. அதான்."

"அப்படின்னா அந்த நேரத்துல அது சும்மாதானே இருந்துச்சு?"

அவள் பேட்டரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். துப்பட்டாவை விரித்தாள்.

"காத்துக்கிட்டு இருந்துச்சு அண்ணே. நம்ம காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஏகாம்பரம் வெள்ளைச் சாக்கட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சின்னத்தாயி அந்தத் தெரு வேலை முடிந்ததும் அரூருக்கே திரும்பிப் போனாள். இரண்டு எருமை வாங்கி வீடுகளுக்குப் பால் ஊற்றினாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.