ஸ்டெனி சொல்லாத வாக்கியம்

நசீமாவிடம் இயற்பியல் படித்தவர்களில் பெல்சியா ஒருத்திதான் ஆசிரியையைவிட வயதில் மூத்தவள். கடற்கரை ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். அவள் தம்பி ஸ்டெனி ஒரு புயலில் கடலோடு போனான். படகு கிடைத்தது. கூடப் போனவர்களின் உடல்கள் கிடைத்தன. ஸ்டெனி கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அவள் வேலையை விட்டுவிட்டு நசீமாவின் கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்ந்தாள்.

கடலில் விழுந்ததைத் தண்ணீர் எந்த வழியாகக் கொண்டுபோகிறது என்று படிக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொடுக்கும் பல்கலைக்கழகம் வெளிநாட்டில் இருந்தது. விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் கேட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, உங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்லுங்கள் என்று.

அவள் எழுதி எடுத்துக்கொண்டு வந்ததை நசீமா படித்தாள்.

“எல்லாம் சரியா இருக்கு. ஆனா இதை யார் வேணும்னாலும் எழுதியிருக்கலாம்.”

“வேற என்ன எழுதணும் மிஸ்?”

“உங்களுக்கு ஏன் வேணும்னு.”

பெல்சியா வீட்டுக்குப் போய்த் தம்பியைப் பற்றி எழுத உட்கார்ந்தாள். அவன் படகு ஏறியது வந்தது. புயல் வந்தது. அம்மா கரையில் நின்றது வந்தது. கிளம்பும்போது அவன் கடைசியாகப் போன் பண்ணிய இடத்தில் மட்டும் எழுத்து நின்றுவிட்டது. அதைத் தாண்டவே முடியவில்லை. பல நாள் அந்த இடத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள் எழுதினாள்:

‘அக்கா, கடல் எங்கள எங்க கொண்டுபோவுதுன்னு நீ படிச்சுக் கண்டுபிடி. அம்மை கரையில நின்னு தேடக் கூடாது.’

நசீமா அந்த வரியில் நின்றாள்.

“இது அவர் சொன்னதா?”

“ஆமா மிஸ்.”

நசீமா தாளை மடித்துக் கொடுத்தாள்.

இடம் கிடைத்தது. அங்கிருந்த பேராசிரியர் தனியாகவும் எழுதியிருந்தார். உங்கள் தம்பியின் வார்த்தைகளை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன் என்று.

ஊரில் இருந்து அப்படி ஒரு படிப்புக்கு யாரும் போனதில்லை. பங்குச் சாமியார் கட்டுரையைத் தமிழில் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் வாசித்தார். ஆண்கள்கூட அழுதார்கள். பெல்சியாவின் அம்மா லூர்தம்மாள் அழவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதுவரைக்கும் லூர்தம்மாள், படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் தினமும் கடற்கரையில் போய் நிற்பாள். மழையானாலும் காய்ச்சலானாலும் நிற்பாள். யார் கூப்பிட்டாலும் வரமாட்டாள். கடைசிப் படகில் இருப்பவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போகப் பழகியிருந்தார்கள்.

திங்கட்கிழமை அவள் போகவில்லை. விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள்.

“எனக்க பிள்ள என்னய நெனச்சுக்கிட்டுத்தான் போயிருக்கான்,” என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். “தேடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கான்.”

கல்லறைத் திருநாள் நெருங்கியது. உடல் இல்லாததால் ஸ்டெனிக்குக் கல்லறை இல்லை. இந்தத் தடவை ஒரு கல்லாவது நட வேண்டும் என்றாள் லூர்தம்மாள். அதில் அவன் சொன்னதைச் செதுக்க வேண்டும்.

“பிழையில்லாம எழுதித் தா மோளே. கல்லு கொத்துறவன் கேக்கான்.”

பெல்சியா நசீமாவைத் தேடி வந்தாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள்.

“மிஸ், அந்த வரி நான் எழுதினது. ஸ்டெனி அப்படி ஒண்ணும் சொல்லல.”

“தெரியும்.”

“தெரியுமா? அப்பவே ஏன் மிஸ் கேக்கல?”

“கேட்டேனே.”

பெல்சியா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மை இப்பத்தான் தூங்குறா மிஸ். சாப்பிடுறா. நான் சொல்லணுமா, வேண்டாமா?”

நசீமா கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள்.

“கல்லுல கொத்தினது எவ்வளவு காலம் இருக்கும்?”

“நாங்கல்லாம் போன பெறகும் இருக்கும்.”

“அதை வாசிக்கிறப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்?”

பெல்சியா யோசித்தாள். “வேற யாரோ ஒருத்தனோட கல்லு மாதிரி இருக்கும்,” என்றாள். பிறகு, “அப்ப சொல்லணும்ங்கிறீங்க.”

“நான் ஒண்ணும் சொல்லல பெல்சியா.”

வீட்டுக்கு வந்தபோது லூர்தம்மாள் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பெல்சியா பக்கத்தில் போய்க் குத்தவைத்தாள்.

“அம்மா, அது அவன் சொன்னதில்ல. நானா எழுதினேன்.”

“எது?”

“கோயில்ல வாசிச்சது. கடைசியா சொன்னான்னு எழுதியிருந்தது.”

லூர்தம்மாளின் கை நின்றது.

“அப்ப அவன் என்ன சொன்னான்?”

“அக்கான்னு கூப்பிட்டான். அதுக்குள்ள எஞ்சின ஓட விட்டுட்டாங்க. அப்புறம் ஏதோ பேசினான். எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சரிடா, வந்து பேசுன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்.”

“அம்மைன்னு ஒரு வார்த்த சொன்னானா?”

“கேக்கலம்மா.”

“சொல்லலியா, கேக்கலியா?”

“தெரியல.”

லூர்தம்மாள் மீன் சட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். கையைக் கழுவவில்லை. “ஏன் சொன்ன?” என்று கேட்டாள். கட்டுரையில் எழுதியதைக் கேட்கிறாளா, இப்போது சொன்னதைக் கேட்கிறாளா என்று பெல்சியாவுக்கு விளங்கவில்லை.

மறுநாள் விடியும்போது அம்மாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. கடற்கரையில் படகுகள் வந்துகொண்டிருந்தன. லூர்தம்மாள் பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கே பெல்சியா பல்கலைக்கழகத்துக்கும் உண்மையை எழுதினாள். பதில் மரியாதையாக வந்தது. நீங்களே தெரிவித்ததை மதிக்கிறோம், ஆனாலும் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறுகிறோம், விரும்பினால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. விஷயம் பரவியதும் ஊரில் சிலர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார்கள். செத்தவன் பெயரைச் சொல்லி சீட் வாங்கப் பார்த்தவள் என்று ஒருத்தி தெருக்குழாயடியில் அவள் காதுபடச் சொன்னாள். கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் மெழுகுவர்த்தியோடு போனார்கள். அவளும் அம்மாவும் வீட்டிலேயே இருந்தார்கள். ஸ்டெனிக்குக் கல் நடவில்லை.

கல்லூரிக்கும் அவள் போகவில்லை.

நசீமா பேருந்து ஏறி அந்த ஊருக்கு வந்தாள். வீடு பூட்டியிருந்தது. கேட்டதற்குக் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார்கள். கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றின் நிழலில் பெல்சியா உட்கார்ந்திருந்தாள். தூரத்தில், ஈர மணலில், லூர்தம்மாள் நின்றிருந்தாள். அலை வந்து அவள் சேலையை நனைத்துவிட்டுப் போனது.

நசீமா செருப்பைக் கழற்றிவிட்டு பெல்சியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“அம்மை சாப்பிடல. நான் எப்படிச் சாப்பிட?”

பெல்சியா மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

“சொல்லாம இருந்திருக்கலாம் மிஸ்.”

நசீமா பேசவில்லை.

“ஒரு பொய் எழுதினேன். அம்மை தூங்கினா. உண்மையச் சொன்னேன். இப்ப அங்க நிக்கா. நான் இதுல எதைப் படிச்சேன்? எதுக்குப் படிச்சேன்?”

நசீமா லூர்தம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏதாவது சொல்லுங்க மிஸ். நீங்க எப்பவும் இப்படித்தான், கேள்விய எங்கிட்டயே திருப்பி விட்டுட்டுப் போயிடுவீங்க. இந்தத் தடவ என்னால முடியாது.”

“என்ன சொல்ல பெல்சியா? அம்மா நிக்கிறது எனக்கும் தெரியுது. அவங்கள இங்கிருந்து கூட்டிட்டுப் போற வழி எனக்குத் தெரியாது.”

டீச்சர் வாயிலிருந்து தெரியாது என்று பெல்சியா இதுவரை கேட்டதில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல் நெடுநேரம் அழுதாள். நசீமா அவளைத் தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை.

கடைசிப் படகும் வந்துவிட்டது. மீனை இறக்கிக் கூறு போட்டார்கள். லூர்தம்மாள் அசையவில்லை.

“வேணும்னா மறுபடியும் எழுதலாம்னு யூனிவர்சிட்டியில போட்டிருக்காங்க,” என்றாள் பெல்சியா. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “என்னத்த எழுத? அவன் பேசினதா இருந்த ஒரு வரியும் போயாச்சு. இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல மிஸ். அக்கான்னு ஒரு வார்த்த. அதுக்கப்புறம் ஏதோ பேசினான், எனக்குக் கேட்டது வெறும் எஞ்சின் சத்தம்.”

“அந்தச் சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“அது மட்டும்தான் இருக்கு. ராவும் பகலும் காதுல கெடக்கு.”

“வெறும் சத்தம்னு சொல்லாதீங்க,” என்றாள் நசீமா. “அதுக்குள்ள அவர் பேசிட்டிருக்கார்.”