வாய்மூடிக் குன்றுக்குப் பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில், ஆடுமாடுகள் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்து மலைநாட்டில் பாட்டுக் கேட்காமல் எந்த மாடும் பால் சுரக்காது. கேலிக் என்னும் மொழி பேசும் அந்த ஊர்ப் பெண்கள் பாடிக்கொண்டேதான் கறப்பார்கள். மோராக் என்ற ஒருத்தியின் வீட்டில் பாடிக் கறந்தவள் அவளுடைய நாத்தனார். அவளோ கல்யாணமாகிக் கடலுக்கு அந்தப்பக்கம் போய்விட்டாள்.

மோராக்கின் குரலா? அதைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

கோடை மேய்ச்சலுக்காகக் குன்றடிக் குடிசைக்கு வந்த முதல் நாளே வம்பு தொடங்கியது. தொட்டிலில் குழந்தை பசியால் வீரிட்டு அழுதது. மோராக்குக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. இருப்பதும் ஒரே பசு. வாளியை எடுத்துக்கொண்டு பிளாரக் என்ற அந்தப் பசுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாட்டு எங்கே?" என்றது பிளாரக்.

"இன்னைக்கு ஒருநாள் சும்மா குடுத்துடேன், தாயி."

"அதெல்லாம் நடக்காது. எங்க வம்சத்து வழக்கம். பாடினாத்தான் பால்."

உள்ளே குழந்தையின் அழுகை ஓயவில்லை. மோராக் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினாள்.

முதல் அடியிலேயே பிளாரக் கயிற்றை அறுத்துக்கொண்டு குன்றின் மேல் ஓட்டம் பிடித்தது. மோராக் விடுவாளா? வாளியும் கையுமாக, பாட்டையும் நிறுத்தாமல், பின்னாலேயே ஏறினாள். உச்சிக்கு அப்பால் கிடுகிடு பள்ளம். பிளாரக் திகைத்து நின்றது. மோராக் அடுத்த சரணத்தை எடுத்தாள்.

"வாயை மூடு, மகராசி! பாலை எடுத்துக்கோ, கன்னுக்குட்டி பங்கையும் சேத்தே எடுத்துக்கோ! இந்தக் குன்னுல மட்டும் இனிமே பாடாதே, தினமும் நானே சுரக்கிறேன்!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

வாளி நிரம்பியது. மோராக்குக்குக் கொஞ்சம் ரோஷம்தான்; ஆனாலும் பாலோடு கீழே ஓடினாள். குழந்தை வயிறு முட்டக் குடித்தது. தூங்கத்தான் இல்லை. அம்மாவின் வாயையே பார்த்துச் சிணுங்கியது.

குன்றில்தானே பாடக்கூடாது? குடிசைக்குள் பாடலாமே! மோராக் மெல்லத் தொடங்கினாள். அந்தக் குரலுக்குச் சொக்கிப்போக உலகத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தது. அது பொக்கைவாய் திறந்து சிரித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனது. சந்தோஷத்தில் மோராக்குக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே இன்னும் உரக்கப் பாடினாள்.

வெளியே நின்ற பிளாரக் தலையை உலுக்கி, நெற்றி மயிரைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டது.

அவர்கள் மொழியில் அந்த இடம் வாய்மூடிக் குன்று ஆனது அன்று முதல்தான். மலைநாட்டு மாடுகள் கண்ணையும் காதையும் மூடும்படி சடை வளர்க்கத் தொடங்கியதும் அன்று முதல்தான்.