சர்வேயர் தேடிய இருபது நிமிடம்

“இருபது நிமிஷம் அக்கா. எங்க போச்சுன்னே கண்டுபிடிக்க முடியலை” என்றார் ஆதிமூலம்.

தில்ஷாத் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பழைய பைக் சீட்டின் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணகிரியில், பெங்களூர் ரோட்டில், மோட்டார் சைக்கிள் சீட் தைக்கும் கடை அவருடையது. வயது முப்பத்து நாலு. ஆதிமூலத்துக்கு ஐம்பத்தொன்று. ஆனாலும் அந்த ஊர் ரைடர் கூட்டத்தில் மீசை நரைத்தவர்கள்கூட தில்ஷாத்தை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இருபத்து நாலு மணி நேரத்தில் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓட்டும் சவாரியை ஏழு முறை முடித்தவர் அவர். கூட்டத்தில் வேறு யாரும் இரண்டைத் தாண்டவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கிளம்புகிறவர் தன் பயணத் திட்டத்தை, ஏற்கெனவே சவாரியை முடித்த ஒருவரிடம் காட்ட வேண்டும். அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால்தான் சவாரி சேர்த்தி. இல்லையென்றால் எவ்வளவு ஓட்டினாலும் ஊர் சுற்றியதாகத்தான் அர்த்தம்.

போன இரண்டு தடவையும் ஆதிமூலம் வேறொருவரிடம் கையெழுத்து வாங்கினார். அந்த மனிதர் தாளைப் பார்க்காமலே போடுவார். இந்தத் தடவை எப்படியாவது ஜெயித்தாக வேண்டும் என்று தில்ஷாத்திடம் வந்திருந்தார்.

ஆதிமூலம் தாலுகா ஆபீஸில் சர்வேயர். அடுத்தவர் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்து கல் நடுகிறவர். அவருக்கே கணக்கில் இருபது நிமிடம் உதைத்தால் மனசு ஆறுமா?

போன தை மாதம் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, மகாராஷ்டிராவில் சாத்தாரா வரை போய்த் திரும்பினார். வந்து சேர்ந்தபோது மறுநாள் நாலு இருபது. அதற்கு முந்தைய வருடம் ஒரு மணி நேரம் தாமதம். மூன்றாவது தடவை போகட்டும், அதற்கு மேல் இந்தப் பேச்சே கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

சவாரியை முடித்தவர்கள் ஜாக்கெட்டின் நெஞ்சில் ஒரு சிவப்புப் பட்டை தைத்துக்கொள்வார்கள். இருபத்தாறு பேரில் பட்டை இல்லாத ஒரே ஆள் ஆதிமூலம்தான். டீக்கடையில் எவனாவது அவர் நெஞ்சைக் காட்டி, “சர்வேயர் சார், இந்த இடம் புறம்போக்கா?” என்று கேட்பான். அவரும் சேர்ந்து சிரிப்பார். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது.

கொண்டுவந்த தாள்களை மேஜையில் பரப்பினார். மொத்தம் ஐந்து தாள். எந்த பங்க்கில் எத்தனை நிமிடம், எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்டுவது என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். போன தடவை டீக்கு ஏழு நிமிடம். இந்தத் தடவை நாலு. சாப்பாடு இருபத்தைந்திலிருந்து பன்னிரண்டாகிவிட்டது. தூக்கம் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

தில்ஷாத் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

“நாலு நிமிஷம்” என்றார்.

ஆதிமூலம் ஊதி ஊதிக் குடித்தார். நாக்கு பொத்துப்போனது. நாலு நிமிடம் முடிந்ததும் தில்ஷாத் பாதி டீயோடு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த வாரம் ஆதிமூலம் திருத்திய தாளோடு வந்தார். டீக்கு மறுபடி ஏழு நிமிடம் கொடுத்திருந்தார். அந்த மூன்று நிமிடத்தைக் கையுறை மாட்டுவதிலும் கழற்றுவதிலும் பிடித்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

தில்ஷாத் தாளை வாங்கவே இல்லை.

“போன தடவை ஓட்டினது ஞாபகம் இருக்கா சார்?”

“ஒவ்வொரு அடியும் ஞாபகம் இருக்கு அக்கா.”

“வழியைச் சொல்லுங்க.”

சீட்டுக்குள் வைக்கிற ஸ்பாஞ்சைத் தில்ஷாத் வெட்டிக்கொண்டிருக்க, ஆதிமூலம் சொல்லிக்கொண்டே போனார். ஓசூரில் பனி. தும்கூருக்கு முன்னால் டோல்கேட், அங்கே பைக் போகும் சந்தில் ஒரு நாய் படுத்திருந்து எழ மாட்டேன் என்றது. சித்ரதுர்காவில் காற்றாலைகள். தாவணகெரேயில் பெட்ரோல் போட்டவர் முகத்தைக்கூடச் சொன்னார். ஆள் சொல்லச் சொல்ல ரோடு கண்ணில் தெரிந்தது. சர்வேயர் என்றால் சும்மாவா?

“தார்வாடுல ஒரு மணிக்குச் சாப்பாடு. தயிர் நல்லா இருந்துச்சு, ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேன். ரெண்டரைக்கு பெல்காம்ல பெட்ரோல்.”

“நடுவுல?”

“நடுவுல ஒண்ணும் இல்லக்கா. நேர் ரோடு.”

“பெல்காமுக்கு முன்னாடி ஒரு டோல்கேட் இருக்கு. பைக்குக்கு இடது ஓரமா ஒரு சந்து விட்டிருக்காங்க. ரெண்டு பக்கமும் சிமெண்ட் கட்டை. அதுல எப்படி நுழைஞ்சீங்க?”

ஆதிமூலம் கண்ணை மூடித் தேடிப் பார்த்தார்.

தார்வாடில் தயிர்க் கிண்ணம் இருந்தது. பெல்காமில் முகம் கழுவிய குழாய் இருந்தது. இடையில் ஒரு மரம்கூட இல்லை.

“எழுபது கிலோமீட்டர் சார்” என்றார் தில்ஷாத். “அதை ஓட்டினது யாரு?”

ஆதிமூலம் எட்டு மாதமாக அந்தத் தாள்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட இது தோன்றவில்லை. அந்தச் சந்துக்குள் கண் திறந்தபடியே தூங்கிக்கொண்டு நுழைந்திருக்கிறோம், கொஞ்சம் பிசகியிருந்தால் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருப்போம் என்பது இப்போதுதான் உறைத்தது. பயந்துபோனார்.

தில்ஷாத் மறுபடி ஸ்பாஞ்சை வெட்ட ஆரம்பித்தார்.

“நீங்க இருபது நிமிஷத்தைத் தேடிக்கிட்டு இருக்கீங்க” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு ஒரு மாதம் ஆதிமூலம் அந்தப் பக்கமே வரவில்லை. ஆள் சவாரியைத் தலைமுழுகிவிட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். கையில் ஒரே ஒரு தாள். கட்டங்கள் போய், ஊர்ப் பெயர்களும் நேரமும் மட்டும் இருந்தன.

போகும்போது தார்வாடில் சாப்பிட்டதும் நாற்பத்தைந்து நிமிடம் தூக்கம். திரும்பும்போது இன்னொரு இடத்தில் அரை மணி நேரம். டீ ஆறும்வரை டீ.

ஸ்பாஞ்ச் வெட்டும் கத்தியை ஒரு கையில் பிடித்தபடியே தில்ஷாத் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. இன்னொரு முறை கூட்டினார்.

“இருபத்து நாலு மணி நாப்பது நிமிஷம் வருது சார்.”

“ஆமாக்கா.”

“இது தேறாது.”

“தேறாது.”

“பட்டை கிடைக்காது. வீட்டுல மறுபடி விடவும் மாட்டாங்க.”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்குப் போறீங்க?”

ஆதிமூலம் தாளில் தார்வாடு என்ற வரியைத் தொட்டார்.

“தார்வாடு தாண்டி ரோடு எப்படி இருக்கும்னு பார்க்கணும் அக்கா.”

தில்ஷாத் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பேனா கேட்டுக் கையை நீட்டினார்.