அரண்மனைத் துரும்பு

ஒரு உப்பளத்திலே அரண்மனைக்குச் சொந்தமானது எதெது என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அலைவாய் ராஜாவின் சபையில் இருந்த சேந்தன் வாயால் சொல்லவில்லை. கடப்பாரையும் கையுமாய்க் கிளம்பிவிட்டான்.

காரணம் நாகமுத்து என்ற வியாபாரி. "அளம் முழுவதையும் என்னிடம் விடுங்கள், மகாராஜா. வரி இரண்டு மடங்காகத் தருகிறேன். ஒரே நிபந்தனை. அரண்மனையின் துரும்புகூட அங்கே இருக்கக் கூடாது" என்றார் அவர்.

ராஜாவுக்கு 'இரண்டு மடங்கு' மட்டும்தான் காதில் விழுந்தது.

"அங்கே நாற்பது குடும்பம் சொந்தமாகப் பாத்தி கட்டிப் பிழைக்கிறதே?" என்றான் சேந்தன்.

"கூலிக்கு இருக்கட்டும். பிடிக்காதவர்கள் போகட்டும்" என்றார் நாகமுத்து.

சேந்தன் ராஜாவின் பக்கம் திரும்பினான். "நல்லது. ஓலையில் முத்திரை விழுமுன்னே நம் துரும்பையெல்லாம் எடுத்துவிடுகிறேன், மகாராஜா. நாளைக்கு ஒரு நாள் கொடுங்கள்."

மறுநாள் காலை நாகமுத்துவின் வண்டி பாதி வழியில் நின்றது. முன்னால் பாதையே இல்லை. இருபது பேர் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா செய்றீங்க?"

"அரண்மனை போட்ட பாதைங்க. எடுத்துட்டுப் போறோம்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தார் மனிதர். அங்கே மதகின் பலகைகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. கடலைத் தடுக்கும் பெரிய கரைமேல் சேந்தன் நின்று முதல் கல்லை நெம்பினான்.

"அதையாவது விடப்பா. நாளைக்கு அமாவாசை. கடல் உள்ளே வந்துடும்."

"வரட்டுமே. கடல் அரண்மனையோடது இல்லையே."

பார்வையிட வந்த ராஜாவின் முன்னால் போய் நின்றார் நாகமுத்து. "கரை, மதகு, பாதை எல்லாம் அரண்மனையே பார்க்கட்டும், மகாராஜா. உப்பை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்."

"பாடு எனக்கு, உப்பு உமக்கா?" ராஜா ஓலையைக் கிழித்துப்போட்டார். "சேந்தா, எடுத்ததையெல்லாம் இருந்த இடத்தில் வை."

சேந்தன் மூச்சு விடுவதற்குள் ராஜாவுக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. "ஆமாம், இவ்வளவும் நம்முடையது என்றால் உப்பையும் நாமே வாரினால் என்ன? நடுவில் இந்த நாற்பது குடும்பம் எதற்கு?"

ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொன்றில் விழுந்தது போலாயிற்று சேந்தனுக்கு. பக்கத்துப் பாத்தியில், அந்த நாற்பது குடும்பத்தில் ஒருத்தியான பேச்சி, கம்பு கோத்த பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பலகையைக் கொஞ்சம் மகாராஜாகிட்ட குடுங்க."

ராஜா உற்சாகமாய் இறங்கினார். முதல் இழுப்பில் உப்போடு களிமண்ணும் வந்தது. இரண்டாவது இழுப்பில் வெள்ளைப் பாளம் உடைந்து தண்ணீரில் முங்கியது. மூன்றாவதில் வரப்பே சரிந்து, பத்து நாள் வெயில் காய்ச்சிய நீர் அடுத்த பாத்திக்கு ஓடியது.

முழங்கால்வரை சேறு. ராஜா தன்னைத்தானே பார்த்துச் சிரித்துவிட்டார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"ராசா, கடல் வராம நீங்க பாத்துக்கிடுங்க. அந்தப் பலகைய இப்படிக் குடுத்திடுங்க."