பூசணிக்காய்க்குக் கட்டிய பரிவட்டம்

ஆற்றங்கரை ஊர்களை வெள்ளம் மொத்தமாக வாரிக்கொண்டு போன வருஷம் அது. வீடு போச்சு, மாடு போச்சு, குதிரில் இருந்த நெல்லும் போச்சு. தப்பித்த சனமெல்லாம் தலைநகரான செங்கழனிக்கு வந்து, கோயிலுக்குப் பக்கத்துச் சத்திரத்தில் ஒதுங்கியது. ராஜா கனகவர்மன் தங்கமான மனுஷன். கேட்பதற்கு முன்னாலேயே களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். ஆனால் அத்தனை வயிற்றுக்கு அது எத்தனை நாளைக்கு? அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. மிச்சம் இருந்தது விதைநெல் மட்டும்தான். அதில் கை வைத்தால் அடுத்த வருஷம் செங்கழனியே சத்திரத்தில் போய் உட்கார வேண்டியதுதான்.

ராஜா முரசறைந்து அறிவித்தார்: வெள்ளத்தில் அடிபட்டவர்களுக்கு யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு மாலைப் பூசையில் பரிவட்டம் கட்டி, யானைமேல் ஏற்றி ஊர்வலம். அதுவரை கோயிலில் முதல் மரியாதை ராஜாவுக்குத்தான். அதையே விட்டுக்கொடுத்துவிட்டார் என்றால் பாருங்களேன்.

அங்கேதான் வந்தது வினை. ஊரில் பெரிய கைகள் இரண்டு. ஒருவர் எண்ணெய் வணிகர் திருமேனியார். இன்னொருவர் நிலக்கிழார் அழகியநம்பி. இவர் எவ்வளவு தருகிறார் என்று பார்த்துவிட்டு அதற்கு மேல் ஒரு மூட்டை தரலாம் என்று அவர் காத்திருந்தார். அவர் தரட்டும் என்று இவர் காத்திருந்தார். காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள், ஒரு குந்துமணி நெல் வரவில்லை. ஏழை எளியவர்களுக்கோ வெட்கம். பெரியவர்கள் வண்டி வண்டியாகக் கொடுக்கப்போகிற இடத்தில் நம்முடைய ஆழாக்கு அரிசியை எப்படி நீட்டுவது என்று ஒதுங்கிவிட்டார்கள்.

ராஜா தன் சபை விகடகவி பூதலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"பூதலிங்கம், வரி போடக் கூடாது. யாரையும் மிரட்டக் கூடாது. என் பேரைச் சொல்லி வீடு வீடாகக் கையேந்தவும் கூடாது. ஆனால் சத்திரத்து அடுப்பு அணையக் கூடாது. அணைந்தால் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு நீ உன் ஊரைப் பார்க்கப் போகலாம்."

பூதலிங்கம் சத்திரத்துக்குப் போனார். அண்டாவின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம் வாசலிலேயே கேட்டது. உள்ளே பிள்ளைகள் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தலைப்பாகைக் கவலை அந்த நிமிஷமே போய்விட்டது. வெளியே வந்தார்.

வாசல் மூலையில் மோர் விற்கும் ஆவுடை, ஒரு பூசணிக்காயை வைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் நழுவப் பார்த்தாள். பூதலிங்கம் அவளை நிறுத்தி, ஏன் ஒளிகிறாய் என்று கேட்டார்.

"கொல்லையில காய்ச்சது சாமி. குழம்புக்கு ஆகுமேன்னு கொண்டாந்தேன். இத்துணூண்டு குடுத்ததை வெளிய சொல்லிடாதீங்க."

பூதலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே சொல்லாமலா? அன்று மாலைப் பூசையில், அவள் வேண்டாம் வேண்டாம் என்று கதறக் கதற, ஆவுடை தலையில் பட்டுப் பரிவட்டம் ஏறியது. யானைமேல் ஆவுடை, அவள் மடியில் பூசணிக்காய், முன்னால் நாதசுரம். ஊரே வாயைப் பிளந்தது.

ராஜா பதறிப்போய் என்ன கூத்து இது என்றார்.

"தங்கள் உத்தரவுதான் மகாராஜா. அதிகம் தந்தவருக்கு மாலைப் பூசையில் மரியாதை என்றீர்கள். எந்த நாள் மாலை என்று சொல்லவில்லை. பூசை தினமும் நடக்கிறது. இன்று இந்த ராஜ்யத்தில் ஆவுடையைவிட அதிகம் தந்தவர் யார்?"

பூதலிங்கம் அதோடு விடவில்லை. மரியாதை தினமும் உண்டு, ஆனால் ஒருவருக்கு ஒரு முறைதான் என்று அறிவிக்கச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் சத்திர வாசலில் கூட்டம். ஒரு பூசணிக்காய்க்கு யானையா என்று வண்ணார் ஒருவர் இரண்டு போர்வை கொண்டு வந்தார். அவரை முந்த ஒரு குயவர் பானைகளைத் தூக்கி வந்தார். விறகுக் கட்டு வந்தது, கருவாடு வந்தது, உழக்கு உழக்காக அரிசி வந்தது. மாலையில் யானை ஏறியவர் ஒருவர்தான். ஆனால் வந்ததெல்லாம் அண்டாவுக்குப் போனது. சத்திரத்தில் அன்று குழம்போடு பொரியலும் உண்டு.

அடுத்த நாள் காலையில் திருமேனியாரும் அழகியநம்பியும் கொதித்துப்போய்ப் பூதலிங்கத்திடம் வந்தார்கள். கண்டவர்களும் யானை ஏறினால் மரியாதைக்கு என்ன மரியாதை என்றார்கள்.

"உண்மைதான் ஐயா. ஆனால் ஒரு பூசணிக்காய்கூடத் தராதவர்களை எந்த யானைமேல் ஏற்றுவது?" என்றார் பூதலிங்கம்.

இரண்டு பேருக்கும் முகம் சுண்டிவிட்டது. அன்று மதியமே திருமேனியார் வீட்டு வண்டிகள் கிளம்பின. மறுநாள் அழகியநம்பியின் வண்டிகள். ஆளுக்கொரு மாலை யானை ஏறி இறங்கினார்கள். பிறகு மறுபடியும் சின்னக் கைகளின் முறை. சத்திரத்து அடுப்பு அணையவே இல்லை.

ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எல்லாரும் பரிவட்டம் கட்டியாயிற்று. என் தலை மட்டும் காலி. எனக்கு எப்போது?"

"தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம் மகாராஜா. வரிசை குளக்கரை வரைக்கும் நிற்கிறது. கடைசியில் போய் நில்லுங்கள்."

சபை நடுங்கியது. ராஜாவோ விழுந்து விழுந்து சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைப் பூதலிங்கத்துக்குப் போட்டுவிட்டு, நந்தவனத்தில் காய்த்திருந்த சுரைக்காய் ஒன்றைத் தானே பறித்துக்கொண்டு, வெயிலில் போய் வரிசையில் நின்றார்.

அன்றைக்கும் பரிவட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு முன்னால் நின்றவன் இரண்டு சுரைக்காய் வைத்திருந்தான்.